கால் நடுவே ஓடிய உடும்பு

நுர்கெல்தியைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொன்னதில்லை. காராகும் பாலைவன மணலில், பாதை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத இடங்களில், கிணறு வற்றிய ஆட்டுப்பட்டிகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன் அவன். ஒருமுறை மணல் புயலில் இரண்டு நாள் லாரிக்குள்ளேயே அடைந்து கிடந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் "ரொட்டி இருக்கா?" என்று மட்டும் கேட்டவன். அப்பேர்ப்பட்டவனைத்தான் இரண்டு முழ நீளத்து உடும்பு ஒன்று ஐந்து மாதம் நடுநடுங்க வைத்தது. சிரிப்பு வருகிறதா? முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எல்லாம் ஒரு சுருட்டை விரியனில் ஆரம்பித்தது. கல்யாணமாகி வந்த முதல் வசந்தத்தில் அவன் மனைவி அக்னபாத், அடுக்கி வைத்த மெத்தைகளில் ஒன்றை உருவினாள். அடியில் அது சுருண்டு கிடந்தது. உடம்பை உடம்போடு உரசி, காய்ந்த வாணலியில் தண்ணீர் தெளித்த மாதிரி சத்தம் போட்டது. அவளால் கத்த முடியவில்லை. வாசலில் மாமியார் இருந்தாள். புகுந்த வீட்டுப் பெரியவர்கள் முன்னால் முக்காட்டு நுனியை வாயில் கவ்விக்கொண்டு பேசாமல் இருக்கவேண்டியவள் மருமகள். வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள் எப்படிக் கத்துவாள்? மெத்தையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நல்லவேளை, மாமியார் ஓகுல்சோனா ஏதோ எடுக்க உள்ளே வந்தவள் பார்த்துவிட்டு, மண்வெட்டியால் ஒரே போடாகப் போட்டாள்.

அன்றோடு அக்னபாத்துக்குத் தூக்கம் போயிற்று. செருப்பைக் குச்சியால் தட்டாமல் போடமாட்டாள். மாவு டப்பாவைத் திறக்க அரை மணி நேரம் ஆகும். ஒரு நாள் கணவனிடம் சொன்னாள்.

"எங்க ஊர்ல எல்லாரும் வீட்டுல உடும்பு வளப்பாங்க. உடும்பு வாசம் இருந்தாப் பாம்பு அந்தப் பக்கமே எட்டிப் பாக்காது. எனக்கு ஒண்ணு புடிச்சுக் குடுங்க. ரொம்பப் பெருசா வேணாம், எனக்குத் தூக்க முடியணும்."

நுர்கெல்திக்கு உடும்பு என்றாலே பயம். உடும்பு கடிக்கும் என்றா? கடித்தால் மருந்து போட்டுக்கொள்ளலாம். ஆம்பளையின் கால் நடுவே உடும்பு ஓடிவிட்டால் அவனுக்குப் பிள்ளை பிறக்காது. இதை எங்கள் பக்கத்தில் படிக்காதவனும் நம்புகிறான், பட்டணத்தில் படித்துவிட்டு வந்தவனும் நம்புகிறான். நம்பமாட்டேன் என்று சொல்கிறவன்கூட உடும்பைக் கண்டால் முழங்காலைச் சேர்த்துக்கொள்கிறான். நுர்கெல்தி ஒற்றைப் பிள்ளை. பேரன் வேண்டும் என்று ஓகுல்சோனா ஏற்கனவே தர்காவில் போய் மரத்தில் துணித் தொட்டில் கட்டிவிட்டு வந்திருந்தாள்.

ஆனாலும் மனைவி ஆசையாகக் கேட்ட முதல் பொருள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நேரே இத்தல்மாஸிடம் போனான்.

இத்தல்மாஸ் என்றால் 'நாய்கூடத் தொடாது' என்று அர்த்தம். முன்னால் பிறந்த மூன்றும் தங்காததால், எமன் முகம் சுளித்துப் போகட்டும் என்று பெற்றவர்கள் வைத்த பேர். நுர்கெல்தியைவிட ஆறேழு வயது மூத்தவன். விஷம் எடுக்கிற நிலையத்துக்காகப் பத்து வருஷம் பாம்பு பிடித்துக் கொடுத்தவன். வாயைத் திறந்தால் கிண்டல்தான்.

"அண்ணே, சாதுவா ஒண்ணு பாத்துப் புடிச்சுக் குடுங்க."

"சாதுவா வேணும்னா பூனை வளடா. உடும்பு என்னைக்குடா சாதுவா இருந்துச்சு?"

சித்திரை வெயில் ஏறுவதற்குள் இருவரும் மணல் மேட்டுக்குப் போய்விட்டார்கள். முதல் வளையில் இருந்தது ஆள் நீளம். இத்தல்மாஸ் வெளியே இழுத்துப் பார்த்து விட்டுவிட்டான். "இது வாலச் சுழட்டி ஒண்ணு வச்சா உன் பொண்டாட்டி கை ரெண்டா ஒடியும்." அடுத்தது போன வருஷத்துக் குஞ்சு. "இதைக் கொண்டு போய் வச்சியோ, பாம்பே தின்னுட்டு ஏப்பம் விட்டுட்டுப் போகும்." மூன்றாவது அளவில் சரியாக இருந்தது. நுர்கெல்தி சாக்கை விரித்துவிட்டான்.

"அவசரப்படாத. வாலோட அடியப் பாரு. எலும்பு துருத்திக்கிட்டு இருக்கா? கொழுப்பெல்லாம் இதுங்க வாலுலதான் சேத்து வைக்கும். வால் வத்திப்போனது குளிர்காலத் தூக்கத்துலயே செத்துரும். அக்குள்ள பாரு, உண்ணி. கண்ணும் உள்ள போயிருச்சு. இது சீக்குக் கேஸுடா."

நான்காவது வளையில்தான் விஷயம். வாசலில் புதிய நகத் தடம், நடுவில் வால் இழுத்த கோடு. தடத்தைப் பார்த்தே இத்தல்மாஸ் அளவு சொன்னான். பிறகு பின்பக்கமாகப் போய் மண்வெட்டியால் தோண்டத் தொடங்கினான். நுர்கெல்தி சாக்கோடு வளைவாசலை மறித்து நிற்கவேண்டும்.

"காலச் சேத்து வச்சு நில்லுடா, புதுப்பொண்ணு மாதிரி! முன்னாலருந்து பின்னால போச்சுன்னா உன் அம்மா கட்டுன தொட்டில அவுத்துட்டு வந்துர வேண்டியதுதான்."

"போச்சுன்னா மாத்து ஒண்ணும் இல்லையாண்ணே?"

"ஏன் இல்ல? அதே உடும்பு பின்னாலருந்து முன்னால திரும்பி வரணும். வேற உடும்பு வந்தாச் செல்லாது. போயி அதுகிட்டக் கெஞ்சு, ஐயா கொஞ்சம் திரும்பி வாங்கன்னு." சொல்லிவிட்டுத் தானே கெக்கெக்கே என்று சிரித்தான்.

நுர்கெல்தி சிரிக்கவில்லை. காலைச் சேர்த்துக்கொண்டு நின்றான். வெயில் பிடரியில் இறங்கியது. மாட்டு ஈ ஒன்று காதுமடலில் உட்கார்ந்து கடித்தது. அதை அடிக்கக் கை ஓங்கினான், மணல் சரிந்தது, விழாமல் இருக்க ஒரு காலை அகட்டி வைத்தான். அவ்வளவுதான். வளையிலிருந்து பழுப்பாக என்னவோ பாய்ந்தது. கணுக்காலின் உள்பக்கத்தில் அதன் வயிறு உரசிக்கொண்டு போனதை அவன் தெளிவாக உணர்ந்தான். சொரசொரப்பாக, வெதுவெதுப்பாக இருந்தது.

என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் திரும்பி, அதன் மேல் விழுந்து அமுக்கினான். சத்தம் கேட்டு இத்தல்மாஸ் மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலையை நீட்டினான்.

"புடிச்சிட்டியா! அடி சக்கை! எந்தப் பக்கமாடா வந்துச்சு?"

"சைடால வந்துச்சுண்ணே."

"சைடாலயா?"

"சைடாலதான்."

இத்தல்மாஸ் ஒரு கையால் கழுத்துக்குப் பின்னாலும் இன்னொரு கையால் வாலடியிலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். வாலடி திரட்சியாக இருந்தது. கண் பளிச்சென்று இருந்தது. இருபது நகமும் முழுசு. நாக்கு நிமிஷத்துக்குப் பத்து தடவை வெளியே வந்து போயிற்று. "மாப்பிள்ளை மாதிரி இருக்காண்டா," என்றான். நுர்கெல்திக்கு அந்த நாக்கைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தூக்கி எறிந்துவிட்டு ஓடலாமா என்று தோன்றியது. எங்கே ஓடுவது? வேற உடும்பு வந்தால் செல்லாது என்று சொல்லிவிட்டானே. இதுதான் வேண்டும் என்று சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டான்.

வீட்டில் அதற்கு அவன் கட்டிய இருப்பிடத்தைப் பார்க்க ஊரே வந்தது. இடுப்பளவு ஆழத்துக்குக் குழி வெட்டி, மண்செங்கல் வைத்துச் சுவர் எழுப்பி, நகம் மாட்டி ஏறாதபடி உள்பக்கம் களிமண்ணால் வழவழவென்று பூசினான். விளிம்பில் தகரத்தை உள்நோக்கி மடித்து வைத்தான். ரொட்டி அடுப்பை ஒட்டிய மூலை சூடாக இருக்கும். அங்கே வெயில் காயத் தட்டைக் கல். எதிர் மூலையில் நிழலும் தண்ணீர்த் தொட்டியும். உடைந்த மண்குழாயைச் சாய்வாகப் புதைத்து வளை செய்தான். அடியில் ஈர மணல், மேலே உலர்ந்த மணல். மேலே மூட பழைய இரும்புக் கட்டிலின் ஸ்பிரிங் வலை.

"உடும்புக்கு வீடு கட்றியா, உனக்குக் கட்றியா?" என்று ஓகுல்சோனா கேட்டாள். "இதுல குடும்பமே இருக்கலாம் போலிருக்கே!"

அவன் ஆள் நிற்கிற அகலத்துக்குக் கட்டியதன் காரணத்தை எந்த அம்மாவிடம் சொல்ல முடியும்?

மத்தியானம் அம்மாவும் மனைவியும் கண் அயர்கிற நேரம் பார்த்துக் குழிக்குள் இறங்குவான். உடும்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலை அகட்டி நிற்பான். அதுதான் பெரிய கொடுமை. எதிரே இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்; இது பின்னால் இருக்கிறது. மணலில் நகம் உரசும் சத்தம் வரும். நின்றுவிடும். அது புஸ்ஸென்று உடம்பை ஊதும் சத்தம் வரும். எங்கே நிற்கிறது, பாயப்போகிறதா, கடிக்கப்போகிறதா, ஒன்றும் தெரியாது. வியர்வை முதுகுத்தண்டில் இறங்கும். "வாடா, வந்துரு, வந்துரு," என்று முணுமுணுப்பான். அது வாலைச் சுழற்றி ஆடுசதையில் ஒன்று கொடுக்கும். இவன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். ஒரு நாள் பூட்ஸைக் கவ்விவிட்டது. உடும்புப்பிடி என்று சும்மாவா சொல்கிறோம்! இழுத்தும் விடவில்லை, தண்ணீர் ஊற்றியும் விடவில்லை. கடைசியில் பூட்ஸை அதன் வாயிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறி வந்தான்.

"உங்க பூட்ஸ் எப்படிங்க அதுக்குள்ள போச்சு?" என்று அக்னபாத் கேட்டாள்.

"தவறி விழுந்துருச்சு."

ஒரு தடவைகூட அது பின்னாலிருந்து முன்னால் வரவில்லை.

அக்னபாத்துக்கோ அது வந்ததிலிருந்து உயிர் திரும்பி வந்துவிட்டது. பெரியவர் என்று பேர் வைத்தாள். பெரியவருக்கு முட்டை, பெரியவருக்குத் தண்ணீர். இவள் கை நீட்டினால் கடிக்காமல் வாங்கித் தின்றது. நுர்கெல்தி இரண்டு மூன்று நாள் சவாரி போகும்போது இத்தல்மாஸ் வந்து மணல் எலிகளைப் போட்டுவிட்டுப் போவான். அவளும் செருப்பைத் தட்டாமல் போட்டாள், தூங்கினாள், கன்னத்தில் சதை போட்டாள். கணவன்தான் சரியில்லை. அவளிடம் நெருங்காமல் இல்லை; ஆனால் இனி நம்மால் ஒன்றும் ஆகாது என்று அவனே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டிருந்தான்.

"உங்களுக்கு உடம்புக்கு என்ன? டாக்டர்கிட்டப் போலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணுமில்ல, வெயில்."

ஆகஸ்டில் ஒரு நாள் சவாரி முடிந்து வந்தவனை வாசலிலேயே அம்மா கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஏழு வீட்டுக்கு நேர்த்தியாக மாவுத் துண்டு பொரித்துக் கொடுத்து முடித்திருந்தாள். கையெல்லாம் எண்ணெய். "மூணு மாசம்டா! தர்காக்காரர் கண்ணத் தொறந்துட்டாருடா!"

உள்ளே அக்னபாத் முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டு நின்றாள். நுர்கெல்தியும் சிரித்தான். பல்லை மட்டும் காட்டினான். அவன் காலடியில் தரை இல்லாத மாதிரி இருந்தது. மூணு மாசம். உடும்பு ஓடியது நாலு மாசம் முன்னால். கழித்துப் பார்த்தான், மறுபடி கழித்துப் பார்த்தான். எப்படிக் கழித்தாலும் கணக்கு ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. அப்போது தனக்குப் பிள்ளை பிறக்க வழியே இல்லை.

அப்படியானால் யாருடையது?

இந்தக் கேள்வி ஒருவன் மனசுக்குள் நுழைந்துவிட்டால் அவன் என்ன ஆவான் என்று சொல்லவா வேண்டும்? வாரத்தில் பாதி நாள் வீட்டில் இல்லாதவன். வீட்டுக்கு வந்து போகிற ஒரே வேற்று ஆள், மணல் எலி கொண்டு வருகிற இத்தல்மாஸ். அண்ணே அண்ணே என்று கூப்பிட்ட வாய் கசந்தது. வளைவைக்கூடக் கவனிக்காமல் லாரி ஓட்டினான். யாரிடமும் கேட்கவும் முடியாது. கேட்டால், எப்படித் தெரியும் என்பார்கள்; உடும்பு ஓடிய கதையைச் சொல்லவேண்டும்; ஊரெல்லாம் கைகொட்டிச் சிரிக்கும். கேட்காவிட்டால், அடுத்தவன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரியவேண்டும். எல்லாவற்றையும்விட அவனுக்குத் தன் கையைப் பார்த்தால்தான் பயமாக இருந்தது. அவள் தேநீர் ஊற்றித் தரும்போது அந்தக் கழுத்தை அவன் கண் அளந்தது. ஐயோ, நான் என்ன ஆகிக்கொண்டிருக்கிறேன் என்று எழுந்து வெளியே போய்விடுவான். இரண்டு நாள் சவாரியை மூன்று நாளாக்கிக்கொண்டான்.

செப்டம்பர் நடுவில் ரேடியேட்டர் ஒழுகி, பாதி வழியிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்தபோது நல்ல மத்தியானம். லாரியைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்தான். வாசலுக்கு வருமுன்பே சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்னபாத்தின் சிரிப்பு. அவ்வளவு வாய்விட்டு அவள் சிரித்து அவனே கேட்டதில்லை.

மதில் மேல் எட்டிப் பார்த்தான். உடும்புக் குழிக்குள் இத்தல்மாஸ் நின்றிருந்தான், இடுப்புக்கு மேல்தான் தெரிந்தது. சட்டையில்லை. விளிம்பில் குனிந்தபடி அக்னபாத். கணவனைவிட மூத்த ஆண் முன்னால் கவ்வியிருக்கவேண்டிய முக்காட்டு நுனி தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

நுர்கெல்தி லாரிக்குத் திரும்பி நடந்தான். சீட்டுக்கடியிலிருந்து சக்கரம் கழற்றும் ஸ்பானரை எடுத்தான். யாராவது என்னைப் பிடித்து நிறுத்துங்களேன் என்று உள்ளே ஒருவன் அலறினான். கால் பாட்டுக்கு நடந்தது. கதவைத் தாண்டி, மரத்தைத் தாண்டி, ரொட்டி அடுப்புக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் அடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தான். மாவுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

குளிர்காலத் தூக்கத்துக்கு வளையை ஆழமாக்கித் தர வந்திருக்கிறான் இத்தல்மாஸ். மண்குழாயைப் பெயர்த்ததும் பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. குழிக்குள் சுற்றிச் சுற்றி ஓடியது. நுர்கெல்தியின் கண்ணெதிரே இத்தல்மாஸின் கால் நடுவே முன்னாலிருந்து பின்னால் பாய்ந்தது. சுவரில் மோதி, சுற்றி வந்து, மறுபடி அதே வழியாகப் பாய்ந்தது.

"போச்சு போ!" என்று ஓகுல்சோனா கத்தினாள். "நாலு புள்ளையோட உன் கடைய மூடிக்க!"

"மூடுனா என் பொண்டாட்டி உங்க உடும்புக்குக் கும்பிடு போடுவா அத்தை! பதினாறு வயசுல மொதத் தடவ ஓடுச்சு. அன்னையிலருந்து எத்தனை ஓடியிருக்கும், ஒரு மந்தையே ஓடியிருக்கும். நாலு பெத்தாச்சு. அஞ்சாவது வவுத்துல. எவன்தான் இந்தக் கதையக் கட்டுனானோ!"

ஸ்பானர் நுர்கெல்தியின் கையிலிருந்து நழுவி அடுப்புக் கல்லில் விழுந்து கணீரென்றது. மூவரும் திரும்பினார்கள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஐந்து மாதப் பாரம் ஒரே நொடியில் இறங்கியதில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, அந்தச் சந்தோஷத்தில் வாயும் திறந்துகொண்டது.

"அப்போ... புள்ள என்னோடதுதானா?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

ஓகுல்சோனாவின் கையில் மாவு அப்படியே தொங்கியது. இத்தல்மாஸ் அவன் முகத்தைப் பார்த்தான். ஸ்பானரைப் பார்த்தான். மெல்ல மெல்ல அவனுக்கு எல்லாம் புரிந்தது.

"சைடால வந்துச்சுன்னியேடா," என்றான். குரலில் கிண்டல் இல்லை. மேலே ஏறி, சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு, பொத்தான்கூடப் போடாமல் வெளியே நடந்தான்.

"அண்ணே..."

திரும்பிப் பார்க்கவில்லை.

"உன் வாயில புழு வைக்க! யாரப் பாத்து என்ன கேட்ட!" ஓகுல்சோனா மாவுருண்டையை அவன் மேல் எறிந்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள்.

அக்னபாத் அழவில்லை. அவன் முன்னால் வந்து நின்றாள்.

"அஞ்சு மாசமா உங்களுக்கு ஏதோ பெரிய நோவுன்னு நான் செத்துச் செத்துப் பொழச்சேன். தர்காவுக்கு வேண்டிக்கிட்டேன். நீங்க என் வயித்தப் பாக்குறப்பெல்லாம், பாவம், புள்ள பொறக்குறதப் பாக்க இருக்கமாட்டோம்னு நெனைக்கிறாரோன்னு நெனச்சேன்." கீழே கிடந்த ஸ்பானரைக் காலால் தள்ளினாள். "இது யாருக்கு? அவருக்கா, எனக்கா?"

அது அவனுக்கே தெரியாது.

அவள் உள்ளே போய் மூட்டையோடு வந்தாள். மாமியாரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நேரே தெருமுனைக்குப் போய் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போவது எங்கள் வழக்கம்தான். ஊர் கேட்டால் அதையே சொல்லிக்கொள்ளலாம்.

ரேடியேட்டரில் சாக்குத் துணியைத் திணித்து, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றிக்கொண்டு அவன் ஓட்டினான். மூன்று மணி நேர மணல் பாதை. வளையை மறித்து நின்றதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். குழிக்குள் இறங்கி நின்றதைச் சொன்னான், பூட்ஸ் போன கதையைச் சொன்னான். சிரிப்பாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, அவனைவிட்டு எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்திருந்தாள். ஒரு பள்ளத்தில் லாரி குலுங்கியபோது பிடித்துக்கொள்ளட்டும் என்று அவன் கையை நீட்டினான். அவள் உடம்பு சுருங்கிக் கதவோடு ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு விரியனுக்கு முன்னால் மெத்தையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் இவள் இப்படித்தான் பார்த்திருப்பாள் என்று அவனுக்குத் தோன்றியது. கையை எடுத்துக்கொண்டான்.

அவள் அம்மா வீட்டு வாசலில் லாரி நின்றது. மூட்டையை அவனைத் தொடவிடவில்லை. இறங்கினாள்.

"எப்ப வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும்?" அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "அக்னபாத், எப்ப வரட்டும்?"

"பொறந்ததும் ஆள் அனுப்புவாங்க. வாங்க. வந்து இந்த வாசல்லயே நில்லுங்க. புள்ள யாரு ஜாடைன்னு போறவங்க வர்றவங்க எல்லாரையும் கேளுங்க. கேட்டு முடிச்ச பெறகு, நான் உங்கள உள்ள விடணுமா வேணாமான்னு யோசிக்கிறேன்."